ஸ்னோ போர்ட்காரரின் சப்பாத்து

கூச்ச சுபாவம் உள்ளவன் தனியாகச் சப்பாத்துக் கடைக்குப் போகக் கூடாது. துணிக் கடைக்குப் போகலாம். பிடிக்காத சட்டையை வாங்கி வந்துவிட்டாலும் பெட்டிக்குள் மடித்து வைத்து மறந்துவிடலாம். சப்பாத்து அப்படியல்ல. அதைப் போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் நடந்தாக வேண்டும். இந்த உண்மை எனக்கு நாற்பத்திரண்டாவது வயதில்தான் தெரிந்தது. அப்போது நான் மடுல்சீமைப் பக்கத்தில் ஓர் ஓடைக்குள் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வீடு ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றாக இருக்கிறது. நான் தோட்டத்துத் தொழிற்சாலையில் கொழுந்து மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன். ஒரு மழை நாளில் தண்ணீர் ஓடுகிற கான் கரையில் வழுக்கி, வலது கணுக்கால் பிசகிவிட்டது. வீக்கம் ஒரு மாதத்தில் வடிந்தது, பலம் திரும்பி வரவில்லை. சமதரையில் ஒழுங்காக நடப்பேன். இறக்கம் வந்தால் மட்டும் அந்தப் பாதம் என்னைக் கேட்காமல் உள்பக்கம் திரும்பி, இடது பாதத்தைப் பார்த்து ஏதோ ரகசியம் பேசப் போகும். நான் கீழே கிடப்பேன். காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது என் பெயர் வராமல் போய் ஒன்றரை வருடமாகியிருந்தது. என் மனைவி ராணி பறிக்கிற கொழுந்தில்தான் குடும்பம் நடந்தது.

அந்த நேரத்தில்தான் யோகன் வந்தான். எங்கள் தோட்டத்துப் பையன்தான், முப்பது வயதிருக்கும். வெளிநாட்டுக்காரர்களை மலைக்கு நடத்திக் கூட்டிப்போகிற வேலை. நன்றாக இங்கிலீஷ் பேசுவான், ஆடு மாதிரி மலை ஏறுவான்.

"அண்ணே, ஞாயித்துக்கெழம மடுல்சீமைப் பக்கம் நாலு வெள்ளக்காரங்கள கூட்டிட்டுப் போறேன். சாப்பாட்டுக் கூடைய தூக்க ஒரு ஆள் வேணும். அன்னைக்கு ஒழுங்கா முடிஞ்சா அப்புறம் எப்பவும் நீங்கதான்."

நான் தலையாட்டினேன்.

"கால் இப்ப நல்லாத்தானே இருக்கு?"

அதற்கும் தலையாட்டினேன். (என் தலை அப்படி. ஒரு தடவை ஆட ஆரம்பித்தால் கேள்வியைக் கவனிக்காது.)

"ஒண்ணு மட்டும். நல்ல சப்பாத்தா போட்டுக்கிட்டு வாங்க. ரப்பர் செருப்போட வந்து நின்னீங்கன்னா நம்ம மானமே போயிரும்."

அன்றைக்கே பஸ் ஏறிப் பதுளைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், வெளிநாட்டிலிருந்து மூட்டையாக வருகிற பழைய சப்பாத்துகளைக் குவித்து விற்கிற முஸ்லிம் நானா ஒருவர் இருந்தார். எனக்கு வேண்டியது ரொம்பப் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஏறும்போது சப்பாத்து என் காலோடு சேர்ந்து வளைய வேண்டும். இறங்கும்போது என் கணுக்கால் வளைய விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அதாவது தாய் மாதிரி மெதுவாகவும், போலீஸ் மாதிரி பிடியாகவும் ஒரு சப்பாத்து.

"என்ன தம்பி, என்ன வேணும்?"

"சப்பாத்து, நானா."

"சப்பாத்துக் கடைல சப்பாத்துத்தான் ஈக்குது. எதுக்குப் போடப் போறீங்க, கல்யாணத்துக்கா மய்யத்துக்கா?"

"மலைக்கு" என்று சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. கால் சுகமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பக்கத்தில் ரெண்டு பொம்பளைகள் செருப்புப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்லவில்லை.

முதலில் ஒரு பட்டாளத்துப் பூட்ஸ் எடுத்துத் தந்தார். கணுக்காலை நன்றாகப் பிடித்தது. ஆனால் முன்னங்கால் வளையவே இல்லை. போட்டுக்கொண்டு நடந்தபோது பொய்க்கால் குதிரை மாதிரி இருந்தேன் என்று கண்ணாடி சொன்னது. அடுத்து ஓட்டக்காரர் சப்பாத்து ஒன்று. பஞ்சு மாதிரி வளைந்தது, கணுக்காலைக் கண்டுகொள்ளவே இல்லை. மூன்றாவது ரப்பர் பூட்ஸ். அதற்குள் என் கால் இருந்ததா இல்லையா என்று காலுக்கே சந்தேகம்.

அப்புறம் நானா குவியலுக்கு அடியிலிருந்து அதை இழுத்தார்.

அது பாதி தலையணை, பாதி வாளி. சாம்பல் நிறம். முழங்காலுக்குப் பாதி வரை உயரம். பூட்ஸுக்குள்ளே மெத்தையில் செய்த இன்னொரு பூட்ஸ் இருந்தது. கயிறு கிடையாது. முன்பக்கத்தில் ஒரு திருகு. நானா அதை ரெண்டு சுற்றுச் சுற்றினார். எங்கேயோ மறைந்திருந்த ஒரு மெல்லிய கம்பி கரகரவென்று இறுகி, என் காலை எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் கட்டிப்பிடித்தது. ஒன்றரை வருடமாக என் கணுக்காலிடம் யாரும் இவ்வளவு அன்பாக நடந்துகொண்டதில்லை. முன்னால் சாய்ந்தால் சாய்ந்தது. பக்கவாட்டில் சாய்த்தால், முடியாது என்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. (உண்மையாகத்தான் சொல்கிறேன்.)

சப்பாத்தின் பக்கவாட்டில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. நானா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டினார்.

"ஸ்னோ... போர்ட். ஸ்னோண்டா பனிதானே. பனி போர்ட்."

"அது என்ன போர்ட், நானா?"

"நம்ம ஊர்ல கரண்டுக்கு ஒரு போர்ட், தண்ணிக்கு ஒரு போர்ட் ஈக்குதில்லையா? அங்க பனிக்கு ஒரு போர்ட். கவர்மெண்ட் ஆபீசர்மாருக்குக் குடுக்கிற சாமான் தம்பி. லேசுல கெடைக்காது."

எனக்கு அது நூற்றுக்கு நூறு நியாயமாகப் பட்டது. தேயிலைக்கே ஒரு போர்ட் இருக்கும்போது பனி பெய்கிற நாட்டில் பனிக்கு ஒன்று இருக்காதா? அதில் வேலை செய்கிறவர்கள் பனிக்குள்ளே நடந்து நடந்து கணக்கெடுப்பார்கள், அவர்களுக்கு இந்த மாதிரி ஒரு சப்பாத்து வேண்டித்தான் இருக்கும் என்று நானே மிச்சத்தையும் யோசித்து முடித்துவிட்டேன். திருகு லேசாகத்தான் இறுகியிருந்தது. இழுத்ததும் கால் வெளியே வந்தது. எப்படித் தளர்த்துவது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் வைத்ததும் ராணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, ரெண்டு பன்னிக்குட்டிய கூட்டிக்கிட்டு வந்திருக்கீங்க?"

"சப்பாத்துடி. கவர்மெண்ட் சப்பாத்து. ஸ்னோ போர்ட்."

"கவர்மெண்ட் சாமான் ஒங்க கையில எப்படி வந்துச்சு?"

அந்தக் கேள்வி அன்றிரவு என் நெஞ்சில் ஒரு முள் மாதிரி குத்தியது. ஆபீசர் ஒருவர் தன் சப்பாத்தை விற்பாரா? விற்றால் போர்ட் சும்மா விடுமா? ஆனாலும் அந்த போர்ட் ஆட்கள் மடுல்சீமைக்கு எதற்கு வரப்போகிறார்கள் என்று தேற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேன் எங்களை மலையடியில் இறக்கிவிட்டது. நான் ஒரு கல்லில் உட்கார்ந்து, கணுக்கால் இம்மியும் அசையக் கூடாது என்று திருகை முடிகிற வரைக்கும் சுற்றினேன். பிறகு கூடையை முதுகில் கட்டினேன். யோகன் முன்னால் ஏறிப் பத்து நிமிடத்தில் புள்ளியாகிவிட்டான். ஆண் ஒருவரும் பெண்கள் மூவருமாக அந்த நாலு வெள்ளைக்காரர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு அவன் பின்னால் போனார்கள். கடைசியில் நான். சப்பாத்து சொன்ன சொல் தவறவில்லை. ஏற்றத்தில் வளைந்தது. முதல் இறக்கத்தில் கணுக்காலைப் பிடித்த பிடியில் நிறுத்தியது. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு நான் ஒரு மலையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு இறங்கினேன். வேலை கிடைத்தமாதிரிதான் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அந்த வெள்ளைக்காரர் திரும்பிப் பார்த்தார். ஹான்ஸ் என்று பேர். பெரிய உடம்பு, தக்காளி மாதிரி முகம். அவருடைய கண் என் முகத்திலிருந்து இறங்கி இறங்கி, காலில் வந்து நின்றது.

"ஓ! ஸ்னோபோர்ட்!"

போர்ட் ஆள்! வந்தேவிட்டார்!

ஹான்ஸ் என் முன்னால் குந்தி உட்கார்ந்து சப்பாத்தைத் தொட்டுப் பார்த்தார். எழுத்தைத் துடைத்துப் பார்த்தார். போனை எடுத்து முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம், என் முகத்தோடு சேர்த்து ஒரு படம். (கேஸுக்கு வேண்டுமல்லவா.) பிறகு எழுந்து நின்று சந்தோஷமாகச் சத்தம் போட்டார்.

"பேக்கன்ட்ரி! பேக்கன்ட்ரி!"

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் இந்த ரெண்டு வார்த்தையும் எனக்குத் தெரியும். 'பேக்' என்பது பஸ் கண்டக்டர் டிரைவரிடம் சொல்வது. திருப்பி எடு என்று அர்த்தம். 'கன்ட்ரி' என்றால் நாடு. நாட்டுக்குத் திருப்பிக் கொடு என்கிறார்.

"ஐ பை. பதுளை. நானா," என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். கைநாட்டு வைக்கச் சொல்கிறார்! பயத்தோடு பயமாக எனக்குக் கொஞ்சம் ரோஷமும் வந்தது. நான் கையெழுத்துப் போடத் தெரிந்தவன்.

யோகனைக் கூப்பிடலாம் என்றால் அவன் அடுத்த மலையில் இருந்தான். கூப்பிட்டாலும் என்ன சொல்வது? முதல் நாளிலேயே கள்ளச் சாமானோடு வந்து மாட்டிக்கொண்டேன் என்றா? ராணியின் முகம் ஞாபகம் வந்தது. அன்று காலையில் அவள் ரொட்டி சுட்டுக் கூடையில் அடுக்கும்போது பாட்டு முணுமுணுத்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு.

அந்த நேரத்தில் ஒரே ஒரு வழிதான் தோன்றியது: காலைக் காட்டாமல் நடப்பது. பாதையை விட்டு இறங்கி, இடுப்பளவு மானாப் புல்லுக்குள் நடக்க ஆரம்பித்தேன். ஹான்ஸ் பத்தடிக்கு ஒரு தடவை திரும்பிக் கையசைத்தார். நானும் புல்லுக்கு மேலே தெரிகிற பாதி உடம்போடு கையசைத்தேன். ஆற்றில் நீந்துகிறவன் கரையில் நிற்கிறவனுக்குக் கையசைப்பது மாதிரி இருந்திருக்கும்.

முந்தின நாள் நல்ல மழை. புல்லுக்குள் இருந்த அட்டைகளுக்கு என்னைப் பார்த்ததும் விருந்துச் செய்தி கிடைத்துவிட்டது. அரை மணி நேரத்தில் சப்பாத்துக்குள்ளே இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று ஊர ஆரம்பித்தது. அட்டை கடித்தால் மலைநாட்டுக்காரன் பயப்பட மாட்டான், பிடுங்கிப் போட்டுவிட்டு நடப்பான். சப்பாத்துக்குள் இருக்கிற அட்டையை எப்படிப் பிடுங்குவது?

ஓடைக்கு வந்ததும் முடிவு செய்தேன். சப்பாத்தைக் கழற்றி ஹான்ஸ் கையில் கொடுத்துவிடுவது, மன்னிப்புக் கேட்பது, வெறுங்காலோடு கூடையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. கரையில் உட்கார்ந்து திருகைப் பிடித்தேன். வலப்பக்கம் திருப்பினேன், மிச்சமிருந்த கொஞ்ச இடமும் இறுகியது. இடப்பக்கம் திருப்பினேன், அசையவில்லை. இழுத்தேன், உதைத்தேன், கெஞ்சினேன். கால் மரத்துவிட்டது. அட்டைகள் மட்டும் சுறுசுறுப்பாக இருந்தன.

தண்ணீரில் நனைந்தால் தோல் இளகும் என்று ஒரு யோசனை வந்தது. (அது தோல் இல்லை என்பது இப்போது தெரியும்.) கூடையோடு ஓடைக்குள் இறங்கினேன். கணுக்கால் பிசகவில்லை, அதை இன்றைக்கும் சொல்வேன். அடிப்பாகம்தான் பாசிக் கல்லில் வழுக்கியது. உட்கார்ந்துவிட்டேன். உள்ளே இருந்த மெத்தைச் சப்பாத்து ஓடையைக் குடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு காலும் ஒரு குடம் தண்ணீர் கனம். எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. முதுகிலிருந்த கூடை சாய்ந்து திறந்துகொண்டது. ராணியின் ரொட்டிகள் மிதந்து போயின. அவற்றின் பின்னால் வாழைப்பழங்கள், கொழுந்து எடுக்கப் போகிற பொம்பளைகள் மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகப் போயின.

யாரோ கூப்பிட்டு யோகன் ஓடி வந்தான்.

"அண்ணே! ஆத்துக்குள்ள என்ன பண்றீங்க?"

நான் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

"யோகன், இது போர்ட் சப்பாத்து. அவரு அந்த போர்ட் ஆபீசர். கண்டுபிடிச்சிட்டாரு. நாட்டுக்குத் திருப்பிக் குடுக்கச் சொல்றாரு. குடுத்திர்றேன், ஆனா கழட்ட முடியல. உள்ள அட்ட. நான் களவாங்கலப்பா, பதுளையில நானா கடையில வாங்குனேன். என் காலு சரியில்ல யோகன். அதான் இத வாங்குனேன். ஒங்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

யோகன் ஹான்ஸ் பக்கம் திரும்பி எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னான். சொல்லச் சொல்ல ஹான்ஸின் தக்காளி முகம் இன்னும் சிவந்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது. கடைசியில் அடக்க முடியாமல், அந்த மலை முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தார். சிரித்துக்கொண்டே ஓடைக்குள் இறங்கி, என் முன்னால் முழங்கால் போட்டு, திருகை ரெண்டு விரலால் பிடித்து வெளிப்பக்கம் இழுத்தார்.

டக்.

அவ்வளவுதான். கம்பி தளர்ந்தது. சப்பாத்து வாயைப் பிளந்தது. அதிலிருந்து அரை ஓடைத் தண்ணீரும், திராட்சைப் பழம் மாதிரி கொழுத்த ஒன்பது அட்டைகளோடு என் காலும் வெளியே வந்தன. பெண்களில் ஒருவர் போட்ட சத்தத்தில் எதிர் மலையில் குரங்குகள் பதில் கொடுத்தன. கூடையின் அடியில் ஒட்டியிருந்த உப்புப் பொட்டலத்தை எடுத்து யோகன் அட்டைகளின் மேல் தூவினான். தூவிக்கொண்டே அவனும் குலுங்கினான்.

"அண்ணே, அது ஆபீஸ் போர்ட் இல்ல. பலக! பள்ளிக்கூடத்துல பிளாக் போர்ட்டுன்னு சொல்றமே, அந்த போர்ட். பனி மலையில ஒரு பலக மேல ரெண்டு காலையும் வச்சு நின்னுக்கிட்டு சறுக்கி எறங்குவாங்களாம். அதுக்குப் போடுற சப்பாத்து."

"அப்ப பேக் கன்ட்ரி?"

"மெசின்ல ஏத்தி விடாத காட்டு மலைக்கு அவங்க அப்படித்தான் சொல்வாங்களாம். பலகையத் தூக்கிக்கிட்டு சொந்தக் காலால ஏறணும், அப்புறம் சறுக்கணும். அதுக்கு, ஏறும்போது மெதுவா வளையிற மாதிரியும், எறங்கும்போது கணுக்காலப் பிடிக்கிற மாதிரியும் சப்பாத்து வேணுமாம். அவரு ஊர்ல பத்துக் கடை ஏறி எறங்கி, தெரிஞ்சவங்ககிட்ட விசாரிச்சு, மாசக்கணக்கா தேடித்தான் எடுப்பாங்களாம். நீங்க எப்படி இவ்வளவு சரியா எடுத்தீங்கன்னு கேக்குறாரு."

நான் என் வலது காலைப் பார்த்தேன்.

"கால் சொன்னுச்சுன்னு சொல்லு."

யோகன் சொன்னான். ஹான்ஸ் சிரிப்பை நிறுத்தி, என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஆனால் யோகனுடைய முகம் மாறிவிட்டது. என் வலது கணுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கால் நல்லா இருக்குன்னு தலையாட்டுனீங்களே, அண்ணே."

"ராணி ஒருத்தியே எத்தன நாளைக்குப்பா கொழுந்து எடுப்பா?"

அவன் காலிக் கூடையையும் மற்றவர்களின் பைகளையும் தன் முதுகில் ஏற்றிக்கொண்டான். சப்பாத்து ரெண்டையும் ஒன்றாகக் கட்டி ஹான்ஸ் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டார். எனக்கு ஒரு தடி வெட்டிக் கொடுத்து, "மெதுவா முன்னால நடங்க, விழுந்தா நாங்க பாத்துக்குவோம்" என்றான் யோகன்.

நான் வெறுங்காலோடு முன்னால் நடந்தேன். இறக்கம் வந்தால் நின்று, தடியை ஊன்றி, எந்தக் கல்லில் மிதிப்பது என்று பார்த்துத்தான் மிதித்தேன். நான் நின்ற இடத்திலெல்லாம் அவர்களும் நின்றார்கள். நின்றால் சும்மா நிற்க முடியாதே என்று பூவைப் பார்த்தார்கள், பறவையைப் பார்த்தார்கள், கீழே தெரிந்த லயங்களைப் பார்த்தார்கள். சுமையோடு பின்னால் வந்த யோகனுக்கு மட்டும் நாக்குத் தள்ளியது. வேலை போய்விட்டது, இவர்களைப் பத்திரமாகக் கீழே சேர்த்துவிட்டால் போதும் என்றுதான் நான் நடந்தேன். தோட்டத்துக் கடையில் பணிசும் பிளேன்டீயும் வாங்கிச் சாப்பிட்டோம். அட்டையைப் பார்த்துக் கத்தின பெண் யோகனிடம் நிறைய நேரம் பேசினார். அவன் தலையைச் சொறிந்துகொண்டு என்னிடம் வந்தான்.

"காலையில பூரா என் முதுகத்தான் பாத்தாங்களாம். மத்தியானத்துக்கு அப்புறம்தான் மலையப் பாத்தாங்களாம்."

"அப்படின்னா?"

"அப்படின்னா, கூடைக்கு வேற ஆள் பாக்குறேன். நீங்க முன்னால நடங்க. அடுத்த ஞாயித்துக்கெழமயும்."

நான் தலையாட்டினேன். அந்தத் தடவை கேள்வியைக் கவனித்துத்தான் ஆட்டினேன்.

நாலு வருடமாகிறது. இன்றைக்கும் வயதானவர்கள் வந்தால் யோகன் என்னைத்தான் முன்னால் விடுகிறான். சப்பாத்து கூரைத் தகரத்தின் மேல் ஐந்து நாள் காய்ந்தது. இப்போதும் அதைத்தான் போடுகிறேன், திருகைப் பாதி மட்டும் சுற்றி. மார்கழி, தை மாதங்களில் மட்டும் உள்ளே இருக்கிற மெத்தைச் சப்பாத்தை ராணி எடுத்துவிடுவாள். விடியற்காலைக் குளிரில் அதைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் ரொட்டி தட்டும்போது அவளைவிடப் பெரிய ஆபீசர் எந்த போர்டிலும் இல்லை.

இந்தக் கதையை லயம் முழுக்கப் பரப்பினதும் அவள்தான். அதனால் பொழுது சாய்கிற நேரத்தில் கரண்ட் போனால், விளக்கைத் தேடுவதற்கு முன்னால் லயத்தின் கடைசி வீடான கோடிக் காம்பராவிலிருந்து ஒரு குரல் வரும்.

"அண்ணே! ஒங்க போர்ட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க!"

லயமே சிரிக்கும். ராணி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள். இத்தனை வருடமும் நான் இருட்டில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன மாதம் ஒரு நாள், என்ன தைரியம் வந்ததோ, வாசலுக்கு வந்து நின்று சத்தமாகச் சொன்னேன்:

"கேட்டுட்டேன்! பனி பெஞ்சாத்தான் ஆபீஸ் தெறப்பாங்களாம்!"